அம்பத்திரண்டு கிலோ

கிட்ட வந்து உக்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்ல. ஒரு மனுசன் ஒரு மலையில முந்நூத்தி அறுபது படி ஏறப் போனான், ஏறறப்ப அவன் மண்டைக்குள்ள என்னென்ன ஓடுச்சுங்கறதுதான் கதை. எட்ட உக்காந்தீங்கன்னா அவன் மூச்சு வாங்கறது மட்டுந்தான் கேக்கும்.

மாரப்பன்னு பேரு. மஞ்ச மண்டியில மூட்டை தூக்கறான், பத்தொம்பது வருசமா அதே வேலை. அன்னிக்கு ஞாயித்துக்கெழமை, காத்தால ஆறரை மணி, முருகன் மலை அடிவாரத்துல மொதப் படிக்கு முன்னால குத்தவெச்சு உக்காந்து, தலையைக் குனிஞ்சு, "ஏறிக்க சாமி"ன்னான். அவன் பொண்ணு தாரணி, பத்து முடிஞ்சு பதினொண்ணு பொறக்கற நாளு, புதுச் சுடிதாரைக் கையில ஒதுக்கிக்கிட்டு ரெண்டு தோள்லயும் காலைப் போட்டு உக்காந்து அப்பன் நெத்தியைக் கட்டிக்கிட்டா. எந்திரிச்சான். முழங்காலு ரெண்டும் சொடுக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், நின்னுட்டான். பஞ்சுன்னு நெனச்சுக்கிட்டான். பஞ்சு மாதிரி இருக்கற புள்ளையப் போயி அம்பத்திரண்டு கிலோன்னு எழுதி அனுப்பிச்சிருக்காங்களே, எழுதற கைக்குக் கண்ணு வேண்டாமா. செவ்வாக்கெழமை பள்ளிக்கூடத்துல நர்சம்மா வந்து எல்லாப் புள்ளைகளையும் வரிசையில நிக்க வெச்சு உசரம் பாத்து, எடை பாத்து, ஆளுக்கொரு அட்டை குடுத்தாங்க. தாரணி அட்டையில மட்டும் செவப்பு மையில ஒரு வட்டம். அடுத்த திங்கக்கெழமை வெறும் வயித்தோட பெரியாசுபத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாக்கோணும்னு கீழ எழுத்து. மாரப்பனுக்கு எழுத்து அவ்வளவா ஓடாது, எண்ணு நல்லா ஓடும், மண்டியில எண்ணு தெரியாம நிக்க முடியாதே. அம்பத்திரண்டைப் பாத்துட்டுச் சிரிச்சான். மிசினு கெட்டுப் போச்சுன்னான். சாயந்தரம் மண்டியிலிருந்து வந்ததும் புள்ளையை இடுப்புல புடிச்சு ஒரு தூக்குத் தூக்கி இறக்கறது அவனுக்கு வழக்கம், அன்னிக்கும் தூக்கினான், போன வாரத்துக்கு இளைச்சிருக்காடீன்னு சம்சாரத்துகிட்டச் சொன்னான். அவ பேரு வசந்தாமணி. மூணு நாளு அவ சொல்லிப் பாத்தா, இவன் கேக்கல. இருக்கற ரத்தத்தையும் எடுத்துட்டா புள்ளை என்னாகறதுன்னான். சனிக்கெழமை ராத்திரி சோறு போட்டுட்டு, அவன் மூஞ்சியப் பாக்காம, குண்டாவைப் பாத்துத்தான் அவ சொன்னது.

"கனமே இல்லைன்னு சொல்றீங்கள்ல. நாளைக்கு எப்பவும் போலத் தோள்ல தூக்கீட்டுப் போங்க. எங்கியும் இறக்காம சாமி முன்னால கொண்டு போயிச் சேத்துட்டீங்கன்னா அட்டையக் கிழிச்சு அடுப்புல போடறேன். நடுவுல இறக்கினீங்கன்னா திங்கக்கெழமை நானும் அவளும் ஆசுபத்திரி. நான் கூட வரல. நீங்களே வந்து சொல்லுங்க."

சரின்னுட்டான். இதுல என்ன இருக்குது, ஒரு வயசுல மொட்டையடிக்கப் போனதுலயிருந்து வருசா வருசம் தூக்கறதுதானே. புருசன் வந்து பொய் சொல்ல மாட்டான்னு அவளுக்குத் தெரியும், அதனாலதான் கூட வரலைன்னா. மூலையில உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்த தாரணி பென்சிலை நிறுத்தி ரெண்டு பேரையும் பாத்துட்டு, மறுபடியும் எழுத ஆரம்பிச்சா. அதை ரெண்டு பேரும் கவனிக்கல.

இப்ப முப்பதாவது படி. நாப்பது. காலுக்கடியில கல்லு சில்லுன்னு இருக்குது, ராத்திரி ஈரம் இன்னும் காயல, ஓரத்து வேப்பமரத்துலயிருந்து பழம் உதுந்து அங்கங்க வழுக்குது, பாத்து வெக்கோணும். மூட்டைன்னா பின்கழுத்துல உக்காரும், உக்காந்தா உக்காந்ததுதான், அதுக்குக் காலு கையி இல்ல. புள்ளை அசையுது. ஒரு படிக்கு இந்தப் பக்கம் சாயுது, மறுபடிக்கு அந்தப் பக்கம். அது கனம் இல்ல, அசைவு. அம்பத்திரண்டுன்னா மூட்டையில முக்கா மூட்டை, மண்டியில அம்பத்திரண்டு கிலோவைப் பொடி மூட்டைன்னு ஒரு கையில தள்ளி விட்டுட்டுப் போயிருவோம், சரி, அம்பத்திரண்டே இருக்கட்டும்னு வெச்சாலும் அதுல கழிவு போகோணுமில்ல. மண்டியில எந்த எடையையும் அப்படியே எழுத மாட்டாங்க, சாக்குக்கு ஒரு கிலோ போகும், ஈரத்துக்குப் போகும், மண்ணுக்குப் போகும், போனது போக நிக்கறதுதான் சரக்கு. அந்த நர்சம்மா கழிச்சிருக்குமா, கழிச்சிருக்காது, அதுக்கு யாரு சொல்லித் தந்தாங்க. பள்ளிக்கூடத்து பூட்சு ரெண்டும் சேந்து ஒரு கிலோ. உடுப்பு, அதுக்குள்ள போட்டது, பெல்ட்டு, எல்லாம் ஒரு கிலோ. காத்தால தின்ன இட்டிலி ஆறும் பாலும் தண்ணியும் ஒரு கிலோ, அது அவ எடை இல்லியே, பொறவு போயிரும். முடி. வசந்தாமணி மாதிரியே அடர்த்தியான முடி, எண்ணெய் வெச்சு இறுக்கிப் பின்னினா அரைக்கிலோ கண்டிப்பா நிக்கும். மிசினு தப்பு மூணு கிலோ. வரிசையில அத்தனை புள்ளைக நிக்கறப்ப எழுதற அவசரத்துக்கு ஒரு கிலோ. ஏழரை போச்சு. நாப்பத்திநாலரை. சரி, நாப்பத்திநாலரைதான் என்ற பொண்ணுன்னு நெனச்சு அஞ்சு படி சுகமா ஏறினான், ஆறாவது படியில வசந்தாமணி சொன்ன இன்னொரு எண்ணு வந்து காலுக்கடியில நிக்குது. இந்த உசரத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு இருந்தாப் போதும்னு, புள்ளையோட பள்ளிக்கூடத்துக்குக் கேக்கப் போனவகிட்ட நர்சம்மா சொல்லியிருக்குது. முப்பத்திரண்டா. நாப்பத்திநாலரைக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவுல இன்னும் பன்னெண்டரை கெடக்குது, அதை எதுல கழிக்கறது. வேற எங்கியும் கழிக்க எடமில்ல. மறுபடியும் மொதல்லயிருந்து பூட்சு ஒரு கிலோன்னு ஆரம்பிச்சான்.

எண்பத்தெட்டு, எண்பத்தொம்பது. வெரளி மஞ்ச மூட்டை எத்தனை இருக்கோணும்னு கேட்டா சொல்லுவான், கெழங்கு மஞ்ச எத்தனை, தேங்காப் பருப்பு எத்தனை, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவான், அரைக்கிலோ கொறைஞ்சாத் தோளு சொல்லிரும். பத்து வயசுப் புள்ளை எத்தனை இருக்கோணும்னு இது வரைக்கும் யாரும் அவனைக் கேக்கல, அவனும் கேக்கல. புள்ளைன்னா தூக்கினா இருக்கறது. அதுக்கு என்ன அளவு. நல்லாத் தின்னா நல்லாருக்கும், திங்காட்டி நல்லாருக்காது. அவங்க லைன் வீட்டுல ஒம்பது குடும்பம், ஒம்பதுமே மண்டி வேலை, எல்லா வீட்டுப் புள்ளைகளும் விலா எலும்பை எண்ணிக்கலாம்ங்கற மாதிரி சுத்திக்கிட்டிருக்கும், இவ ஒருத்திதான் கன்னமும் கையும் மினுமினுன்னு. மண்டி மொதலாளி ஒரு நாளு வீட்டு வேலையா லைன் பக்கம் வந்தவரு, இது யாரு புள்ளைன்னு கேட்டாரு, மாரப்பன் புள்ளைங்கன்னாங்க, நம்பவே இல்ல, அட நம்ம வீட்டுப் புள்ளை மாதிரியல்ல இருக்குதுன்னாரு. அந்தச் சொல்லை மாரப்பன் அஞ்சு வருசமா நாக்குல வெச்சிருக்கான், கரையவே இல்ல. மூட்டை கனக்கறப்ப அதைக் கொஞ்சம் சப்பிக்குவான். இப்பவும் எடுத்து வாயில போட்டான். இன்னிக்கு என்னமோ அது இனிக்கல, பல்லுல மாட்டிக்கிட்டு நிக்குது. மேல இருந்து அவ கை வேத்து நெத்தியில வழியுது, அவன் வேர்வையா அவ வேர்வையான்னு தெரியல. தூக்கறது நானு, இவளுக்கு எதுக்கு இத்தனை வேக்குது. வெயிலே வரலியே.

கழுத்து அழுக்கைப் பத்தி நெனைக்கக் கூடாதுன்னுதான் இருந்தான், ஆனா தலைக்கு மேல புள்ளை உக்காந்திருக்கறப்ப வேற எதை நெனைக்கறது. ரெண்டு வருசமா அவ பின்கழுத்துல கருப்பா ஒரு பட்டை, மடிப்பு மடிப்பா, வெல்வெட்டுத் துணி ஒட்டின மாதிரி. வசந்தாமணி அதை அழுக்குன்னுதான் நெனச்சா. கடலைமாவு போட்டா, பாசிப்பயறு மாவு போட்டா, எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேச்சா, பீர்க்கங்கூட்டை வெச்சு உரசினா, புள்ளை கத்தும், அழுக்கைச் சேத்து வெச்சுக்கிட்டுக் கத்தறா பாருன்னு முதுகுல ஒண்ணு வெப்பா. மண்டித் தூசிதான் என்ற மேல இருந்து அவளுக்கு ஒட்டுதுன்னு இவனும் சொல்லி, ரெண்டு மாசம் குளிச்சுட்டுத்தான் புள்ளையைத் தொட்டான். மஞ்சத் தூசி கருப்பா ஒட்டுமான்னு அப்பத் தோணல. அந்த நர்சம்மா பின்னலைத் தூக்கிப் பாத்துட்டு, இது அழுக்கில்லைங்க, தேய்க்காதீங்க, உள்ள சக்கரை சேரப் போறதுக்கு ஒடம்பு காட்டற அடையாளம்னு சொல்லியிருக்குது. வசந்தாமணி அன்னிக்கு ராத்திரி புள்ளை தூங்கினப்பறம் அந்தக் கழுத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டே அழுதா. இவன் பாத்தும் பாக்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கிட்டான். சக்கரைங்கறது வயசானவங்க நோவு. மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு இருந்துச்சு, அறுபது வயசு, குண்டா நாற்காலி நெறைய உக்காந்திருப்பாரு, கடைசியில காலுல ஒரு கொப்புளம் வந்து ஆறாமப் போயி ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. செருப்பு நழுவிக்கிட்டே இருக்கும் அவருக்கு. மாரப்பன் கண்ணுக்கு நேரா, அவன் நெஞ்சு மேல, தாரணி காலு ரெண்டும் தொங்குது. பொறந்தநாளுன்னு நேத்து நகத்துக்குச் செவப்புச் சாயம் வெச்சிருக்கா. பத்து விரலு. எண்ணினான். ஏன் எண்ணறோம்னு நெனச்சான், நெனச்சுக்கிட்டே மறுபடியும் எண்ணினான்.

நூத்தி நாப்பதாவது படிக்கிட்ட ரெண்டு பொம்பளைங்க சாமி கும்புட்டுட்டு எதுக்க இறங்கி வந்தாங்க. பெரியவங்க நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே பாத்தாங்க. மாரப்பனையில்ல, மேல இருக்கறவளை.

"ஏனுங் தம்பி, இத்தாம் பெரிய புள்ளையத் தூக்கீட்டுப் போறீங்க. புள்ளைக்குக் காலு வராதுங்களா?"

இல்லீங்கக்கா, வேண்டுதலுங்கன்னான். அவங்க நம்பல. பாவம், முருகன் நடக்க வெப்பான், மனசைத் தளர விடாதீங்கன்னு சொல்லி அவ பாதத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நெத்தியைப் புடிச்சிருந்த கை ஒரு தடவை இறுகி லேசாச்சு. மாரப்பனுக்குக் கோவம் வந்துச்சு, கூப்பிட்டு நிறுத்தி, என்ற பொண்ணுக்குக் காலு நல்லா இருக்குதுங்க, கணக்குல இவதான் வகுப்புல மொதல்னு சொல்லோணும் போல இருந்துச்சு, காலுக்கும் கணக்குக்கும் என்ன இருக்குதுன்னு அவனே நெனச்சுக்கிட்டான். காலு வராதுங்களா. ஒரு படி. காலு வராதுங்களா. இன்னொரு படி. ஏழு வயசுல இதே படியில அவ தோள்ல உக்காந்துக்கிட்டுப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே வந்தா, எதுக்க வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க, ஒருத்தரும் காலு வராதுங்களான்னு கேக்கல. நடுவுல மூணு வருசந்தானே போச்சு. என்ன மாறிப் போச்சு. புள்ளை கடைசியா எப்ப ஓடினா. நெனச்சுப் பாத்தான். தண்ணி லாரி வந்தா குடத்தை எடுத்துக்கிட்டு ஓடுவா, அது போன வருசமா அதுக்கு முந்தின வருசமா. மாசி மாசம் விளையாட்டு விழாவுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனான், எல்லாப் புள்ளைகளும் சாக்குக்குள்ள காலை விட்டுக் குதிச்சுதுங்க, இவ நாற்காலி போட்டு உக்காந்து பேரு எழுதிக்கிட்டிருந்தா. எழுத்து நல்லாருக்குன்னு டீச்சர் உக்கார வெச்சிருக்காங்கன்னு பெருமையா நெனச்சான். பெருமையா வீட்டுல வந்து சொன்னான். வசந்தாமணி அப்பவும் குண்டாவைத்தான் பாத்தா, இல்ல, அது நேத்து, நேத்துத்தான் குண்டாவைப் பாத்தா.

குண்டா. ஒரு குண்டாச் சோறு. மூட்டை தூக்கறவனுக்கு ராத்திரி ஒரு படி அரிசிச் சோறு வேணும், இல்லாட்டி விடியறப்ப ஒடம்பு எந்திரிக்காது, அதுல ஒண்ணும் தப்பில்ல. தட்டைப் போட்டு உக்காந்தான்னா பக்கத்துல தாரணி உக்காரணும், ரெண்டு வயசுலயிருந்து அப்படித்தான், அவனுக்கு ஒரு உருண்டை, அவளுக்கு ஒரு உருண்டை. அவன் பகல்ல புள்ளையப் பாக்கறதே இல்ல, பாக்கறது அந்தச் சோத்து நேரந்தான், பேச்சுன்னு பெருசா என்ன இருக்குது, மண்டியில என்ன நடந்துச்சுன்னா மூட்டை வந்துச்சு மூட்டை போச்சு. அதனால உருண்டைதான் பேச்சு. பெருசா உருட்டினா சந்தோசமா இருக்கான்னு அவளுக்குத் தெரியும், இன்னும் ஒண்ணுன்னு அவ வாயைத் திறந்தா இவனுக்கு அன்னிக்குத் தூக்கின மூட்டையெல்லாம் இறங்கிப் போகும். அதுக்கு முன்னால வர்ற வழியில பொட்டலம் ஒண்ணு, ஒரு நாளு போண்டா, ஒரு நாளு தேங்காப்பன்னு, ஒரு நாளு புரோட்டா, கையை வீசிக்கிட்டு வீட்டுக்குள்ள போன நாளே கெடையாது. அவனுக்கு ஒண்ணு அவளுக்கு ஒண்ணு. அவன் உருண்டையும் அவ உருண்டையும் ஒரே அளவுதான். நூத்தி தொண்ணூறாவது படியில அந்த உருண்டை ரெண்டும் கண்ணு முன்னால பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. ஒரே அளவு. இவன் தின்னுட்டுக் காத்தால போயி எரநூறு மூட்டையைத் தூக்கறான். அவ தின்னுட்டு ஸ்கூல் பெஞ்சுல உக்காந்து கணக்குப் போடறா. மூட்டை தூக்காமலே மூட்டை தூக்கறவன் சோறு. யாரு போட்டது. வேற யாரு. அந்த நெனப்பைத் தலையை ஆட்டி உதறப் பாத்தான், தலையை ஆட்ட முடியல, அவ புடிச்சிருக்கா.

எரநூத்திப் பத்து. தொடையில சதை தனியாத் துடிக்க ஆரம்பிச்சுருச்சு. இதென்ன புதுசா. மண்டியில லாரிக்கும், மூட்டையை அடுக்கி வெக்கற அட்டிக்கும் நாப்பது தப்படி, நாப்பது தப்படி தூக்கி அட்டியில போட்டுட்டு வெறுங்கையோட திரும்பி வர்றப்ப ஒடம்பு மூச்சு விட்டுக்கும், இங்க திரும்பி வர்றதே இல்ல, மேலயே போகுது. தோளுக்கு ஏறின மூட்டை அட்டியிலதான் இறங்கோணும், அதுதான் மண்டிச் சட்டம், யாரும் எழுதி வெக்கல, எல்லாத்துக்கும் தெரியும். நடுவுல இறக்கினா மறுபடியும் தூக்கி விட ரெண்டு ஆளு வேணும், பின்னால வர்றவன் நிக்கோணும், தையலு பிரிஞ்சா மஞ்சளெல்லாம் தரையில. வேலுச்சாமின்னு ஒருத்தன் இடுப்புப் புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு தடவை நடுவுல இறக்கிட்டான், அன்னிலயிருந்து அவன் பேரு எறக்கி. வேலையை விட்டுட்டு டீக்கடை வெச்சு எட்டு வருசமாச்சு, இன்னும் கடைக்கு எறக்கி கடைன்னுதான் பேரு, அவனே எறக்கி கடைக்கு வாங்கன்னுதான் போன்ல சொல்றான். மாரப்பன் பத்தொம்பது வருசத்துல ஒரு மூட்டையை நடுவுல இறக்கினதில்ல. இவ மூட்டை இல்லியே. இல்லதான். அப்பறம் எதுக்கு இறக்க மாட்டேங்கறே. இறக்கினா ஆசுபத்திரி, ஊசி, புள்ளை கையில ரத்தம், என்னமோ ஒரு காகிதம் குடுப்பாங்க, அதுல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும். இறக்காமப் போயிட்டா அட்டை அடுப்புல போயிரும். அடுப்புல போயிட்டா அம்பத்திரண்டும் அடுப்புல போயிருமா. போயிரும், போயிரும்னு ரெண்டு படி. போகுமான்னு ஒரு படி. நெஞ்சுக்குள்ள ஒரு கொக்கி மாட்டி யாரோ இழுக்கற மாதிரி இருந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டான். இன்னும் நூத்தி நாப்பத்தஞ்சு படி. செத்தாலும் கொண்டு போயி வெச்சிருவான், அதுல சந்தேகமே இல்ல, அவன் ஒடம்பு அவனுக்குத் தெரியும், அது மாட்டேன்னு சொல்லவே சொல்லாது. இப்ப அவனுக்கே அதுதான் பயமா இருந்துச்சு.

எரநூத்தி முப்பத்தொண்ணுல தாரணி குனிஞ்சு அவன் காதுகிட்டச் சொன்னா, அப்பா, ஒண்ணுக்கு வருதுங்ப்பா. மேல போயிப் பாத்துக்கலாம் சாமின்னான். அடக்க முடியலீங்ப்பான்னா. அவன் நின்னான். ஒரு படியில வலது காலு, கீழ்ப்படியில இடது காலு, ரெண்டும் ஆடுது. இது இறக்கறதுல கணக்கா, கணக்கில்லையா. மூட்டைக்கு ஒண்ணுக்கு வராது, அதனால மண்டிச் சட்டத்துல இதுக்கு எடமில்ல. வசந்தாமணி கேட்டா, புள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துச்சுன்னு சொல்லிக்கலாம், அது ஞாயந்தானே, யாரு இதைத் தப்புன்னு சொல்லுவா, மறுபடியும் தூக்கிக்கலாம். பக்கத்துல ஒரு பாறை மறைவா இருந்துச்சு. குத்தவெச்சு உக்காந்தான். அவ காலை எடுத்து இறங்கினா. கழுத்துக்குப் பின்னால காத்து பட்டுச்சு. ஒடம்பு மேல தானாப் போற மாதிரி ஒரு மெதப்பு, மூட்டை இறக்கினதும் வருமே, அது.

அவ பாறைப் பக்கம் போகல. சுடிதாரை ஒரு கையில புடிச்சுக்கிட்டுப் படியில ஏற ஆரம்பிச்சுட்டா. பத்து வருசமா இந்த மலையில அவளுக்குக் கீழயேதான் இருந்திருக்கான், அவ ஏறறதை ஒரு நாளும் பாத்ததில்ல. இப்பப் பாக்கறான். ஒரு காலைத் தூக்கி மேல்படியில வெச்சு, கையை முட்டியில ஊணி, ஒடம்பை ஒரு ஆட்டு ஆட்டி மேல இழுத்துக்கிறா, பொறவுதான் அடுத்த காலு. தொடை ரெண்டும் உரசி நடை அகலமாப் போகுது. ஏழு படி ஏறினா. மூச்சு கேட்டுச்சு, தோள்ல இருக்கறப்ப அவன் மூச்சே அவன் காதை அடைச்சிருந்துச்சு, இப்ப அவ மூச்சு கேக்குது, ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி. பதினொரு படி. நின்னா. பதினாறு. கம்பியைப் புடிச்சா. அவளுக்குப் பக்கத்துலயே அதே வயசுல ஒரு பொண்ணு கையில தேங்காயோட ரெண்டு ரெண்டு படியாத் தாவிப் போச்சு. மாரப்பன் கண்ணு அந்தப் பொண்ணுகிட்டப் போயிட்டு இவகிட்டத் திரும்பி வந்துச்சு. அம்பத்திரண்டுல முப்பத்திரண்டு போனா இருபது. ஒரு டின்னு எண்ணெய், அதுக்கு மேல அஞ்சு கிலோ வெல்லம். அதை அவ தூக்கிக்கிட்டு ஏறறா. பள்ளிக்கூடத்துக்கும் அதைத் தூக்கிக்கிட்டுத்தான் போறா, தண்ணி புடிக்கவும் அதைத் தூக்கிக்கிட்டு, படுக்கறப்பவும் நெஞ்சு மேல அதை வெச்சுக்கிட்டு. சாயந்தரம் அஞ்சு மணி ஆனா இவன் துண்டை உதறிப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவான். அவளுக்கு அட்டி எங்க இருக்குது. அவளை எறக்கின்னு கூப்பிட ஒரு ஆளு இல்ல, ஏன்னா அவ இறக்க ஒரு எடம் இல்ல.

இருபத்தி ரெண்டாவது படியில அவ உக்காந்துட்டா. மாரப்பன் ஏறி அவ கிட்டப் போனான். வெறுந்தோளோட ஏறறப்பத்தான் காலு ஜாஸ்தியா நடுங்குச்சு. என்ன சாமி, ஒண்ணுக்குன்னியேன்னு கேட்டான். பொய்யிங்ப்பான்னா. நெஞ்சு ஏறி ஏறி இறங்குது. பொறவு அவ சொன்னா, உங்க காலு ரெண்டும் ஆடுச்சு, எனக்குத் தெரிஞ்சுது. நீங்க இறக்க மாட்டீங்கன்னும் தெரிஞ்சுது.

"இன்னும் நூறு படிதான் கண்ணு. ஏறிக்க. இது ஒரு இறக்கம்னு யாரும் கணக்கு வெக்க மாட்டாங்க"ன்னான் மாரப்பன். சொல்றப்பவே அவன் கொரலு அவனுக்கே கேக்கப் புடிக்கல.

"எனக்கு ஆசுபத்திரிக்குப் போகோணுங்ப்பா. ஓடினா மூச்சு வர மாட்டீங்குது. ஒரு வருசமா அப்படித்தான். உங்ககிட்டச் சொல்லல. சொன்னா எளைச்சுப் போயிட்டேன்னு இன்னொரு பொட்டலம் சேத்து வாங்கிட்டு வருவீங்க."

மாரப்பன் சிரிச்சுட்டான். சிரிப்பு பாதியில நின்னு போச்சு. ஆமா, வாங்கிட்டுத்தான் வந்திருப்பான், ரெண்டாவது பொட்டலம், அதுவும் சூடா, ஓட்டமா ஓடி வந்திருப்பான் ஆறிரக் கூடாதுன்னு. இந்தப் புள்ளை தன் வாயை மூடிக்கிட்டுத் தன்னைக் காப்பாத்திக்கிட்டிருந்திருக்குது, யாருகிட்ட இருந்து, அதை நெனச்சு முடிக்க அவனால முடியல. மூஞ்சியைத் துடைச்சான். அவ மூஞ்சியைப் பாத்தான், பத்து வருசமாப் பாத்த மூஞ்சிதான், நர்சம்மா பாத்த மூஞ்சியும் அதுதான். அம்மாகிட்ட நீ சொல்லுன்னான் மெதுவா, நான் சொன்னா வார்த்தை வராது, நீ சொல்லிரு, அப்பா இறக்கிட்டாருன்னு. அவ தலையை ஆட்டினா, மாட்டேன்னு. நான் சொன்னா நான் இறங்கின மாதிரி ஆயிருங்ப்பா, நீங்க இறக்கின மாதிரி ஆகாதுன்னா. சொல்லிட்டு எந்திரிச்சு, அவன் சட்டைப் பையில கையை விட்டுப் போனை எடுத்தா, வேர்வையில நனைஞ்சிருந்ததைத் தன் துப்பட்டாவுல துடைச்சா, அம்மா பேரைத் தேடி அமுக்கித் தன் காதுல வெச்சுக்கிட்டு மணி அடிக்கறதைக் கேட்டுக்கிட்டே நின்னா, அந்தப் பக்கம் வசந்தாமணி 'ஏனுங்க'ன்ன உடனே ஒரு பேச்சுப் பேசாமப் போனைத் திருப்பி அப்பன் காதுல வெச்சுப் புடிச்சுக்கிட்டா.